மனநல மருத்துவத்தில் இறைநம்பிக்கை: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் அறநோக்கு

முன்னுரை

காவிரிப் படுகையில் மனநலம் குன்றிய ஒருவர் மருத்துவரை நாடி வரும்போது, பலவேளைகளில் வேறு சில வாயில்களைக் கடந்தே வருகிறார். குடும்பத்தார் குலதெய்வக் கோயிலில் குறி கேட்டிருப்பர். மந்திரித்த கயிறு கையில் இருக்கும். திருவிடைமருதூருக்கோ நாகூர் தர்காவுக்கோ நேர்ந்துகொண்டிருப்பர். இந்நம்பிக்கையை மருத்துவர் எவ்வாறு எதிர்கொள்வது அறமாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நம்பிக்கை மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது மருத்துவரின் பணியன்று. அது யாருடைய நம்பிக்கை, துன்புறுபவருக்கு அது என்ன செய்கிறது என்று கேட்டறிவதே அவர் பணி.

வெறியாட்டும் ஏர்வாடியும்

சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையில், காதலால் மெலிந்த மகளைக் கண்ட தாய் அம்மெலிவை முருகன் அணங்கியதாகக் கருதி வேலனை அழைக்கிறாள். உண்மைக் காரணத்தைத் தலைவி அறிவாள், தோழியும் அறிவாள். ஆயினும் தலைவியின் சொல்லைக் கேட்காமலேயே களம் அமைக்கப்படுகிறது. இங்குக் குறை தாயின் பக்தியில் இல்லை. துன்புறுபவரை வினவாமல் பிறர் காரணத்தை முடிவுசெய்ததில் உள்ளது.

இக்குறை நம் காலத்தில் உயிர்களைப் பலிகொண்டது. படுகைக்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைத்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது இறைநம்பிக்கை அன்று, சங்கிலி. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 95ஆம் பிரிவில் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. சமூகத்தில் நிலவும் சமய நம்பிக்கைக்கு ஒருவர் இணங்காமையை மனநோய்க்கு அடையாளமாகக் கொள்ளலாகாது என்பதையும் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு உணர்த்துகிறது.

குணசீலம் காட்டும் வழி

படுகையின் தலைப்பகுதியில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் அமைந்தது குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனநோயாளர் 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்கி வழிபடுவதும் பூசையின்போது முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறுவதும் இங்குள்ள மரபு. ஏர்வாடி விபத்துக்குப் பின் இக்கோயில் சார்பில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் அமைந்தது. மனநல மருத்துவரின் சிகிச்சைக்கும் வழி ஏற்பட்டது. தீர்த்தமும் மாத்திரையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

கோயிலில் தங்குவதன் பயன் ஆய்வுக்கும் உட்பட்டுள்ளது. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மருந்தின்றித் தங்கியிருந்தவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்தது. தனிச் சடங்கைவிட, அச்சுறுத்தாத ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால், மருந்துக்குக் கோயில் மாற்றாகும் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. கோயில் தரும் ஆதரவை மருத்துவர் இழிவாகப் பேசுவதற்கு இடமில்லை என்பது மட்டும் பெறப்படுகிறது.

மருத்துவர் வினவ வேண்டியவை

முதல் வினா, நம்பிக்கை யாருடையது என்பது. குடும்பத்தார் ‘செய்வினை’ என்று கூறலாம். நோயாளர் அதனை ஏற்காதிருக்கலாம். எனவே அவரைத் தனியே கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, நம்பிக்கை ஆற்றுகிறதா, வருத்துகிறதா என்பது. வரகுண பாண்டியனைப் பற்றிய பிரமகத்தி கீழைவாயிலில் நின்றுவிட, அவன் மேலைவாயில் வழியே நீங்கினான் என்பது திருவிடைமருதூர்த் தலபுராணம். அங்குச் சென்றுவந்த ஒருவருக்கு இக்கதை குற்றவுணர்விலிருந்து விடுதலை தரலாம். ‘என் பாவம் தீராது’ என்று உண்ணாமல் உறங்காமல் மெலியும் மற்றொருவருக்கோ அதே சமயமொழி கடும் மனச்சோர்வின் வெளிப்பாடாகலாம். திருவிழாவில் சாமியாடுதலும் நோயன்று. விருப்பமின்றி, வழிபாட்டு மரபுக்குப் புறம்பாக நேர்ந்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஆவேச நிலையை நோயாகக் கருதுகிறது.

மூன்றாவது, வழிபாடு சிகிச்சையோடு எங்கே மோதுகிறது என்பது. லித்தியம் உட்கொள்பவர் உப்பில்லா விரதம் இருந்தாலோ, நீரின்றி நோன்பிருந்தாலோ குருதியில் மருந்தளவு உயர்ந்து நஞ்சாகக்கூடும். விரதம் பற்றிய வினாவை ஏளனமாகக் கேட்டால் நோயாளர் மறைப்பார். மதிப்புடன் கேட்டால் கூறுவார்.

மருத்துவர் தம் நம்பிக்கையையும் ஆராய்தல் வேண்டும். நோயாளரிடம் தம் சமயத்தையோ சமய மறுப்பையோ பரப்புதல் தொழிலறத்துக்கு மாறானது என உலக மனநல மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை வலியுறுத்துகிறது. நோயாளர் வேண்டாத நிலையில் திருநீறு பூசுதலும், அவர் கையிலுள்ள கயிற்றை அறுக்கச் சொல்லுதலும் ஒரே பிழையின் இரு வடிவங்களே.

முடிவுரை

நம்பிக்கையை மதித்தல் என்பது குடும்பம் கூறுவதற்கெல்லாம் இசைதல் ஆகாது. சங்கிலி, அடி, பட்டினி, மருந்தை நிறுத்துதல் ஆகியவை குறுக்கிடும்போது மருத்துவர் மறுத்தே ஆகவேண்டும். அவ்வாறு மறுக்கும் உரிமை, அதுவரை நோயாளர் சொல்லைப் பொறுமையாகக் கேட்டவருக்கே எளிதில் வாய்க்கும். வெறியாட்டுக் களத்தில் எவரும் கேளாத தலைவியின் சொல்லே மருத்துவ அறையில் முதலில் கேட்கப்பட வேண்டியது.