நிறுத்தலாகாத குளிசை

பேராதனையை அடுத்துள்ள பிலிமத்தலாவையில் வாழும் அன்பர் ஒருவர், கண்டியிலே இருதய நாடிக்குள் 'ஸ்டென்ற்' என்னும் வலைக்குழாயைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் பல் பிடுங்க நேருகிறது. இரத்தம் நில்லாதே என அஞ்சிக் குளிசைகளைத் தாமே நிறுத்திவிடுகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

உலோகம் உடலுக்கு அந்நியப் பொருள். நாடியின் உட்சவ்வு அதன்மீது படர்ந்து மூடும்வரை, குருதிச் சிறுதட்டுகள் அதில் ஒட்டி உறையலாம். அவ்வாறு உறைந்த கட்டி வழியை அடைத்தால் மாரடைப்புத்தான். 1986 இல் பிரான்சின் துலூஸ் நகரிலே இக்குழாய் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஐரோப்பாவில் அதனை முதலிற் பெற்ற 105 பேரில் 25 பேருக்குக் குழாய் முற்றாக அடைத்துக்கொண்டது. இன்றோ முதலாண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கே அவ்வாறு நேர்கிறது. பொருத்தும் முறை திருந்தியது ஒரு காரணம். அஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் போன்ற இரண்டாம் குளிசையையும் சேர்த்துக் கொடுப்பது மற்றொன்று.

மருந்து பூசிய குழாயில் சவ்வு படரச் சற்றுத் தாமதமாகும். ஆதலின் இரு குளிசைகளும் பொதுவாக ஆறு மாதம், மாரடைப்புக்குப் பின்னரெனில் ஓராண்டு வேண்டப்படும். பல்லிடுக்கில் வடியும் இரத்தத்தைப் பஞ்சை அழுத்தியே நிறுத்திவிடலாம். பல் வைத்தியரிடம் ஸ்டென்ற் பற்றி முதலிலேயே சொல்லவேண்டும். குளிசையை நிறுத்துவதா என்பதை இருதய வைத்தியரே தீர்மானிப்பார். நெஞ்சு மீண்டும் நொந்தால் விடியும்வரை காத்திராது 1990 என்ற இலக்கத்தை அழைக்க, சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.