ஆடுகளத்திலிருந்து நோயாளர் அருகே

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளியைக் கடந்து சென்றால், சாம்பல்தீவுக்கு அண்மையிற் கடலோரத்தே சல்லி என்னும் சிற்றூர் உளது. முத்துமாரியம்மன் கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் அவ்வூரை அறியாதார் திருகோணமலையில் இலர். வலை உலரும் மணலிலே, வெயில் தாழ்ந்த வேளையில், இளைஞர் பந்துதைத்து விளையாடுங் காட்சி கண்ணுக்கு இனியது. அதனைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. ஆட்டம் ஓய்ந்த பின்னர் இவர்கள் என் செய்வர்?

விளையாட்டு வீரரின் காலம் குறுகியது. முப்பத்தைந்து வயதுக்கு மேலும் களத்தில் நிற்பவர் மிகச் சிலரே. முழங்காலில் ஒரு காயம் பட்டால் அதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிடும். ஊரார் தோளிற் சுமந்த வீரன் ஒருவன், இருபத்தைந்தாம் வயதில், "தாதித் தொழில் பயிலப் போகின்றேன்" என்று வீட்டிற் சொன்னால் யாது நிகழும்? "அது பெண்கள் தொழிலன்றோ?" என்பர் சிலர். "எவ்வளவு உயர்ந்திருந்தவன் இப்படித் தாழ்ந்துவிட்டானே!" என்பர் வேறு சிலர். இவ்விரு பேச்சுக்களும் சரியானவைதாமா என்று ஆராய்தல் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

இதற்கு நல்லதொரு சான்றைக் காணக் கடற்கரையை விட்டு மலைநாட்டுக்குச் செல்லவேண்டும். இந்தியாவின் வடகிழக்கே நாகர் மலையில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் தலிமெரன் ஆவ். தந்தையார் கிறித்தவ ஊழியர். மகன் வைத்தியனாகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டுமென்பது அவருடைய ஆசை. அவ்வாசை நிறைவேறுமுன்னே, மகனின் இளம் பிராயத்திலேயே அவர் காலமாகிவிட்டார். ஆவ் கல்கத்தாவுக்குச் சென்று மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நகரிலேயே புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்திற்காக உதைபந்தாட்டமும் ஆடினார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில், சுதந்திர இந்தியாவின் முதல் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கும் பேறு அவருக்குக் கிட்டியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் பிரான்சு அணியை எதிர்த்து ஆடினர். நம்மவரிற் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஆயினும் இருமுறை கிடைத்த தண்ட உதைகள் வீணாயின. ஆட்டம் முடியுந் தறுவாயில் பிரான்சு மற்றொரு கோலைப் போட, 2க்கு 1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. ஆனால், தோற்றவரையே அன்று இலண்டன் மக்கள் கொண்டாடினர். ஆர்சனல் என்னும் பெரிய கழகம் ஆவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முன்வந்ததாகவும் கூறுவர்.

அவர் அங்கே தங்கினாரில்லை. கல்கத்தாவுக்கு மீண்டு, எஞ்சியிருந்த படிப்பை முடித்தார். 1950இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பந்தாட்டத்தைக் கைவிட்டு, மலைநாட்டு வைத்தியசாலைகளிற் பணிபுரிந்து, நாகாலாந்தின் சுகாதார சேவைப் பணிப்பாளராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் அவர் மறைந்தபோது நாகர் அவரைப் பந்தாட்ட வீரராக மாத்திரமன்றி, தம் வைத்தியராகவும் எண்ணி வருந்தினர்.

ஆவ் வைத்தியர், தாதியல்லர். தாதியே வேண்டுமென்பார்க்கு அவுஸ்திரேலியாவின் ரேச்சல் லிஞ்ச் இருக்கின்றார். 2019ஆம் ஆண்டில் உலகின் சிறந்த பெண் ஹொக்கிக் கோல் காப்பாளராகத் தெரிவு செய்யப்பட்ட இவர், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தாதியாகவும் பணியாற்றியவர். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் ஒலிம்பிக் விழா தள்ளிவைக்கப்பட்டபோது, பேர்த் நகர வைத்தியசாலையில் தொற்றுப் பரிசோதனைக் கூடத்துக்குச் சென்று நின்றார். மறுவருடம் தோக்கியோவிலும் ஆடினார்.

களத்திற் கற்றவை நோயாளர் அருகே வீணாவதில்லை. படுக்கையிற் கிடக்கும் நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தாலன்றிப் படுக்கைப்புண் உண்டாகும்; அதற்கு வலிமையும் நுணுக்கமும் வேண்டும். இரவுக் கடமைக்கு உடற்கட்டு வேண்டும். ஒரு தாதி கடமை முடிந்து போகையில், நோயாளியின் நிலைமையை அடுத்தவரிடம் ஒன்றுவிடாது ஒப்படைக்க வேண்டும். அஞ்சல் ஓட்டத்திற் கோலைக் கைமாற்றுவது போன்றதே அது. தவறவிட்டால் ஓட்டத்தில் வெற்றி போம். இங்கே உயிரே போகலாம்.

புதிதாகக் கற்க வேண்டியதும் ஒன்றுண்டு. கைதட்டல் இல்லாமல் உழைப்பதே அது. நள்ளிரவில் ஒரு முதியவரின் உடலைத் துடைத்துவிடும்போது பார்ப்பதற்கு ஒருவருமிலர். நேற்றுத் தலைவனாயிருந்தவன், தன்னினும் இளையோரிடம் "எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள்" என்று கேட்டு நிற்க வேண்டும். இது தாழ்வாகுமா? அன்று. மீண்டும் மாணவனாவதற்குத் துணிவதே பெரிய வீரம் என்போம். பெண்கள் தொழில் என்பாரும் வைத்தியசாலைக்குச் சென்று பார்ப்பாராக. ஆண்களும் தாதி உத்தியோகத்தராகக் கடமை புரிவதை அங்கே காணலாம்.

ஆனால், மாணவர்க்கு ஒரு வார்த்தை. இலங்கை அரசின் தாதியர் பயிற்சி மூன்றாண்டுக் காலத்தது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பயிற்சிக் கல்லூரிகள் உள. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி வேண்டும், வயதெல்லையும் உண்டு. பந்தை நம்பிப் புத்தகத்தை மூடியவனுக்கு அக்கதவு திறப்பது அரிது. ஆவின் வாழ்வு நமக்குணர்த்தும் உண்மையும் இதுவே. அவர் ஆட்டம் முடிந்தபின் படிக்கத் தொடங்கவில்லை. ஆடிய நாளெல்லாம் படிப்பையும் விடாது பற்றியிருந்தார்; ஆகவே இரண்டாம் வாழ்வு அவருக்காகக் காத்திருந்தது.

சல்லிக் கடலோரத்து இளைஞர் நன்றாக ஆடுக! பெற்றோரே, அவர்களைத் தடுக்க வேண்டா. இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளைக்குச் சோற்றோடு ஒரு விளக்கையும் புத்தகத்தையும் வைத்துக் காத்திருங்கள். அவன் என்றேனும் ஒருநாள் பந்தை விட்டு வந்து நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்ப்பானாயின், அன்றும் அவனைத் தோளிற் சுமக்க ஊரார் மறவாதிருப்பாராக.