கலரும் கரியமில வாயுவும்

வெயிலில் அலைந்துவிட்டுக் கடையில் ஒரு 'கலர்' வாங்குகிறீர்கள். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்கிறது. அந்தச் சத்தத்தை நம்பி 1916-இல் விருதுநகரில் ஒரு தொழில் தொடங்கியது. பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் ஆரம்பித்த அந்தச் சோடாத் தொழிலே காளிமார்க். அதன் பெயர்பெற்ற பானமான பொவன்டோ 1950-களின் இறுதியில் வந்தது.

சத்தம் எதனால்? ஒரு லிட்டர் தண்ணீர், சாதாரண அழுத்தத்தில், 0 டிகிரி குளிரில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடக் கரையாது. அழுத்தம் கூடினால் கரையும் அளவும் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டறிந்தார். ஆகவே தண்ணீரைக் குளிரவைத்து, அழுத்தி வாயுவை ஏற்றுகிறார்கள். மூடி திறந்ததும் அழுத்தம் குறைகிறது, வாயு வெளியேறுகிறது. வெயிலில் கிடந்த புட்டி பொங்கி வழிந்து சட்டையை நனைப்பதும் இதனால்தான்.

1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். திருடனையே காவலுக்கு வைத்தது போல!

கலரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கனமான கண்ணாடிப் புட்டியில் அதை நெடுந்தூரம் அனுப்பி, காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. எனவேதான் ஊருக்கு ஊர் ஒரு சோடாக் கம்பெனி இருந்தது. காளிமார்க்கும் மதுரை, திருச்சி, கும்பகோணம் என்று பல ஊர்களில் கால் ஊன்றியது.

1973-இல் அமெரிக்காவின் நதானியேல் வையத் 'பெட்' பிளாஸ்டிக் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். எடை குறைந்தது; தூரம் தந்த பாதுகாப்பும் போயிற்று. 1977-இல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993-இல் திரும்பி வந்து, தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டது. உள்ளூர்க் கலர்கள் பல மறைந்தன, பொவன்டோ தாக்குப்பிடித்தது. 2017-இல் தமிழக வணிகர் சங்கங்கள் அந்நியப் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

பிளாஸ்டிக்குக்கும் ஒரு குறை உண்டு. அதன் சுவர் வழியே வாயு மெல்லக் கசியும். சிறிய புட்டியில் பானத்தின் அளவுக்குச் சுவரின் பரப்பு அதிகம். ஆகவே அது விரைவில் சப்பென்று ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மூலம் நல்ல தண்ணீர். திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. உவர்நீரை அப்படியே புட்டியில் அடைக்க முடியாது. அழுத்திச் சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்க வேண்டும். பிரித்த பின் மிஞ்சும் கடும் உப்பு நீரை எங்கே விடுவது?