டெரினுக்கு ஏன் ஆண் வேடம்?

பேட்டை நூலகத்தில் மகளுக்காக எடுத்த புத்தகத்தை முதலில் படித்து முடித்தது நான்தான். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதி 2009இல் வெளிவந்த ‘லெவியதன்’. இதை ‘ஸ்டீம்பங்க்’ நாவல் என்கிறார்கள். நீராவியும் பல்சக்கரமும் ஆண்ட அந்தப் பழைய காலத்தில், இன்றுவரை நாம் காணாத இயந்திரங்களை ஓடவிடும் கதை வகை அது.

1914. முதல் உலகப் போர் மூள்கிறது. ஜெர்மனியிடமும் ஆஸ்திரியாவிடமும் கால் வைத்து நடக்கும் இரும்பு இயந்திரங்கள். பிரிட்டனோ திமிங்கிலத்திலிருந்து உயிருள்ள ஆகாயக் கப்பலையே வளர்த்து வைத்திருக்கிறது. பறக்கத் துடிக்கும் டெரின் ஷார்ப், டிலன் என்ற பையனாக விமானப் படையில் சேர்கிறாள். முதல் நாளே, ஜெல்லிமீன் போன்ற ஒரு பலூன் உயிரியில் தொங்கியபடி புயலில் அடித்துச் செல்லப்படுகிறாள். அந்தப் பக்கங்களில் நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். போர்க்காட்சிகள் சில இடங்களில் நீளம்தான்.

அடுத்து மகள் படித்தாள். பாதியில் நிமிர்ந்து கேட்டாள்: “திமிங்கிலத்தையே பறக்க வைக்கிறாங்க, ஒரு பொண்ணைப் பறக்க விடமாட்டாங்களாம்மா?”

அவளுக்கு ஹில்டா ஹியூலெட்டைப் பற்றிச் சொன்னேன். இவர் கற்பனை அல்ல. 1911இல் விமானி உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண். விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பெற்ற மகனுக்கும் அவரேதான் பறக்கக் கற்றுக்கொடுத்தார். மகன் கடற்படை விமானியானார். போர் வந்தபோது அம்மா தொழிற்சாலையில் விமானங்கள் தயாரித்துக் கொடுத்தார். அவற்றைப் போரில் ஓட்டப் பெண்களுக்கு இடமில்லை.

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தம்மாவும் மீசை ஒட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்” என்றாள்.

இரண்டாம் பாகமான ‘பெஹிமத்’துக்கு முன்பதிவு செய்துவிட்டாள். இந்த முறை அவள் முடித்த பிறகுதான் எனக்காம்.