வந்தவர்க்கு வாசல்! வாழ்ந்தவர்க்கு வெளியேற்றமா?

பார்சிலோனா! ஸ்பெயின் நாட்டுக் கடலோரப் பெருநகர். கட்டடக் கலைஞன் கௌடி எழுப்பிய கோயிலைக் காணவும், கடற்கரையில் களிக்கவும் கண்டம் கடந்து வருகிறார்கள் மக்கள். வரட்டும்! வந்தாரை வரவேற்பது மனிதப் பண்பு. அதை மறுப்பவர் அல்லர் நாம். ஆனால் தோழர்களே, விருந்தினர் வந்தார் என்பதற்காக வீட்டுக்காரனைத் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருக்கு வெளியேயும் விரட்டினால், அதற்குப் பெயர் விருந்தோம்பலா?

அந்த நகரில் பார்சிலோனெட்டா என்றொரு பேட்டை. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் வாழ்ந்த இடம். வீடுகளோ குருவிக் கூடுகள். பல வீடுகள் 35 சதுர மீட்டர்தான்! அந்தக் கூட்டின்மீதும் விழுந்தது பணத்தின் பார்வை. மாத வாடகைக்கு விட்டால் கிடைப்பது கொஞ்சம். நாள் வாடகைக்கு விட்டால் கொட்டுவது கொள்ளை. உழைப்பாளி மூட்டை கட்டினான். உல்லாசப் பயணி சாவி வாங்கினான். 2014 ஆகஸ்டில் அந்தப் பேட்டை மக்கள் பொறுமை இழந்து வீதிக்கு வந்தனர்.

"பயணி வந்தால்தானே பணம் வரும்? பணம் வந்தால்தானே வேலை வரும்?" என்று கேட்கின்றனர் மாடியில் வாழும் மகானுபாவர்கள். வருகிறது பணம், இல்லை என்று யார் சொன்னது? யார் பைக்கு வருகிறது என்பதல்லவா கேள்வி! அங்கே ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் அணி திரண்டார்கள். ஏன்? அறை ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுக்கும் கொடுமையை எதிர்த்து! ஊரார் உறங்கப் படுக்கை விரிக்கும் அந்தக் கரங்களுக்குத் தன் வீட்டு வாடகை எட்டாத உயரம்.

2015-ல் தேர்தல் வந்தது. வீட்டை இழந்தவர்களுக்காகப் போராடிய அடா கொலாவ் என்ற பெண்மணி மேயரானார். ஜூலையில் ஓர் உத்தரவு: புதிய விடுதிகளுக்கு உரிமம் நிறுத்தம்! நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கணக்கெடுத்தார்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை குடிகள்? பயணிகளுக்கான படுக்கைகள் எத்தனை? கூட்டம் குவியும் இடம் எது? ஆத்திரத்தில் பிறந்த கேள்விக்கு அறிவு கொண்டு விடை தேடினார்கள். 2017 ஜனவரியில் நகரத் திட்டம் நிறைவேறியது. நெரிசல் மிகுந்த நடுநகரில் ஒரு விடுதி மூடினால், அதன் இடத்தில் இன்னொன்று முளைக்கக் கூடாது. அதைச் சூழ்ந்த பகுதியில் இருப்பது இருக்கலாம். எண்ணிக்கை ஏறக் கூடாது. வெளிப்புற வட்டாரத்தில் மட்டும் அளவோடு வளரலாம். வருகையைத் தடுக்கும் சட்டமல்ல. வரம்பு கட்டும் சட்டம்!

கள்ளத்தனம் விடுமா? உரிமமில்லாத வீடுகள் இணையத்தில் விளம்பரமாயின. விளம்பரத்தையும் உரிமப் பதிவேட்டையும் அருகருகே வைத்து அலசியது மாநகராட்சி. 2016 நவம்பரில் ஏர்பிஎன்பி, ஹோம்அவே என்ற இரு நிறுவனங்களுக்கும் தலா 6 லட்சம் யூரோ அபராதம் என்று அறிவித்தது.

இன்னொரு செய்தி கேளுங்கள். பார்க் குவெல் பூங்காவை ஒட்டி ஓடுவது 116-ஆம் எண் சிற்றுந்து. பயணிகளே நிரம்பி வழிந்ததால் அவ்வட்டாரத்து முதியவர்கள் ஏற முடியாமல் தவித்தார்கள். மாநகராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில், 2024-ல் கூகுள் வரைபடத்திலிருந்து அந்தப் பேருந்துத் தடமே நீக்கப்பட்டது. பெரியவர்களுக்கு இருக்கை கிடைத்தது! செய்தியைச் சொல்வதும் ஆட்சிதான். மக்களுக்காகச் சில நேரம் சொல்லாமல் விடுவதும் ஆட்சிதான்.

2024 ஜூனில் அடுத்த அடி. பத்தாண்டுகளில் வாடகை 68 விழுக்காடு ஏறியது என்று காட்டி, பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமம் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படாது என்றார் மேயர் ஜவுமே கொல்போனி. "ஐயோ, சொத்துரிமை போச்சே!" என்று அலறல் எழுந்தது. இந்த முடிவுக்கு அடிப்படையான கட்டலோனியச் சட்டத்தை 2025 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லும் என்றது. சொத்துக்கு உரிமை உண்டென்றால், சொந்த ஊரில் வாழ உரிமை இல்லையா?

புள்ளிவிவரம் மந்திரக் கோலன்று. கணக்கு மட்டும் கூரை வேயாது. உரிமம் பறிக்கப்பட்ட வீடு உழைப்பவன் கைக்கு, கட்டுப்படும் வாடகையில் போய்ச் சேர்ந்தால்தான் வெற்றி. புள்ளிவிவரம் ஒரு கத்தி. வணிகன் கையில் இருந்தால், எந்தத் தெருவில் வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று பார்க்கும். மக்கள் மன்றத்தின் கையில் இருந்தால், எந்தத் தெருவில் எவன் குடி பெயர்க்கப்படுகிறான் என்று காட்டும். ஆகவே தோழர்களே, கணக்கேட்டைக் கையில் எடுக்கும் அதிகாரத்தை மக்கள் இழந்துவிடக் கூடாது. ஊர் அழகாய் இருப்பது காண வருபவனுக்காக மட்டுமல்ல; கட்டியவனுக்காகவும்தான்!