மணி வாங்கப் போகிறீர்களா?
கைநகை செய்யும் பெண்களுக்குச் சில யோசனைகள்

கையில் பட்டுநூல் சுற்றிய வளையல். காதில் மணி கோத்த ஜிமிக்கி. கழுத்தில் கெம்புக்கல் பதித்த ஆரம். தங்கம் குன்றிமணி அளவுகூடக் கிடையாது. ஆனாலும் பார்ப்பதற்கு அழகு!

இப்படிப்பட்ட நகைகளை இன்று பல பெண்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். மகள் போட்டுக்கொள்வதற்காகச் செய்யும் தாயார் உண்டு. பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குச் செய்து கொடுக்கும் ஆசிரியை உண்டு. செய்து விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிக்கும் பெண்களும் உண்டு.

செய்வதற்குக் கைத்திறன் வேண்டும். அதற்கான மணி, கல், சமிக்கி, கொக்கி வாங்குவதற்கோ கண்திறன் வேண்டும். சாமான் மட்டமாக இருந்தால் பத்து நாள் உழைப்பு வீண்!

அரிக்கமேட்டு மணி

மணி கோப்பது நமக்குப் புதிது அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்ற இடம் இருக்கிறது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே பூமியைத் தோண்டி ஆராய்ந்தார். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், ரோமாபுரியோடு வாணிகம் நடந்த ஊர் அது என்பது தெரிந்தது. அங்கே கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மணி செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன.

அந்த மணியை எப்படிச் செய்தார்கள்?

உருக்கிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்தார்கள். குழாயைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினார்கள். துண்டுகளை மீண்டும் சூடாக்கினார்கள். கூரான ஓரம் மழுங்கி, மணி உருண்டையாயிற்று. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில், 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் இந்த முறையில் மணி செய்து வந்தார்கள். சூடாக்கும்போது சாம்பலைச் சேர்த்துக்கொள்வார்கள். மணியின் துளை அடைபடாமல் இருக்க அதுதான் வழி!

ஓரத்தை மழுக்குவதற்கு ஏன் இவ்வளவு பாடு? துளையின் ஓரம் கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். இன்று மணி வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான்.

நாலு சோதனை

பாக்கெட்டிலிருந்து நாலு மணியை எடுங்கள். நூலில் கோத்து, முன்னும் பின்னும் இழுங்கள். நூலில் பிசிறு தட்டுகிறதா? அந்த மணி வேண்டாம்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை நனைத்து மணியைத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், நாளைக்கு வியர்வையில் சட்டையிலும் ஏறும்.

மூன்றாவது, உலோகம். கைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி, வளையம், ஜிமிக்கிக் கூடு ஆகியவற்றின் பக்கத்தில் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால், மேலே தங்க முலாம் இருந்தாலும் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது.

நாலாவது, நூல். கடை விளக்கில் ஒரு நிறம். வெயிலில் ஒரு நிறம்! வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓர் ஆரத்துக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை வரும் நூலில் சாயம் சற்று மாறியிருக்கலாம்.

வளையல் கணக்கு

வளையல் அளவில் பலர் திண்டாடுவது உண்டு. 2.4, 2.6, 2.8, 2.10 என்று கடைக்காரர் சொல்லுவார். இது பள்ளிக்கூடத்துத் தசமக் கணக்கு அல்ல!

முதல் எண் அங்குலம். புள்ளிக்கு அடுத்த எண், ஓர் அங்குலத்தை 16 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பது. வளையலின் உட்பக்கக் குறுக்களவு இது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம். 2.8 என்றால் இரண்டரை அங்குலம். 2.10 என்றால் இரண்டு அங்குலமும் 10 பங்கும். பள்ளிக்கூடத்தில் 2.8ஐவிட 2.10 சிறியது. வளையல் கடையில் அதுதான் பெரியது!

பட்டுநூல் வளையலின் உட்பக்கமும் சுற்றப்படுகிறது. ஆகையால், சுற்றி முடித்த பின் கொஞ்சம் இறுகும். அதையும் மனதில் வைத்து வாங்க வேண்டும்.

பொடி மணியில் கணக்குத் தலைகீழ். எண் கூடக்கூட மணி சிறுக்கும். 6ஆம் எண் மணி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். 11ஆம் எண் மணியோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான்.

காசு எங்கே போகிறது?

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் போகிறார்கள். அங்குள்ள சந்துகளில் மொத்தக் கடைகள் நிறைய. விலை குறைவுதான். ஆனால், பெரும்பாலும் பாக்கெட்டாகவும் குரோஸ் கணக்கிலும் வாங்க வேண்டும். ஒரு குரோஸ் என்பது 12 டஜன், அதாவது 144.

இங்கேதான் சிக்கல். ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு 40 கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குரோஸ் கல்லில் 3 ஜோடி செய்யலாம். 120 கல் தீரும். மிச்சம் 24.

பல பெண்கள் 40 கல்லின் கிரயத்தை மட்டும் கணக்கிட்டு நகைக்கு விலை வைக்கிறார்கள். மிச்சக் கல் டப்பாவில் தூங்குகிறது. அதற்கும் காசு கொடுத்தோமே! பஸ் செலவு, பசை, உடைந்த கல், வீணான நூல் இவையும் கணக்கில் வருவதில்லை. தங்கள் உழைப்புக்குக் கூலி போடாதவர்களும் உண்டு. மாதக் கடைசியில் நகையெல்லாம் விற்றிருக்கும். கையில் காசு இருக்காது!

பாக்கெட்டின் முழு விலையையும் 3 ஜோடிக்கும் பங்கிடுங்கள். மேல்செலவையும் கூலியையும் சேருங்கள். அதுதான் சரியான அடக்க விலை. மிச்சமான 24 கல்லில், காதுக்கு 12 வீதம் ஒரு சின்னத் தோடு செய்தால் அது லாபம்.

உடம்புக்கு ஆகுமா?

நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஆகாது. காது சிவக்கும்; அரிக்கும். தோலில் படும் நகைகளில் நிக்கலைக் கட்டுப்படுத்த, ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவந்தது. காதில் நுழையும் கம்பியை மட்டுமாவது நிக்கல் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

மட்டமான உலோகச் சாமான்களில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். பொடி மணி தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தைக்கு மணி நகை வேண்டவே வேண்டாம்.

குன்றிமணியைக் கோத்து மாலை செய்வது பழைய வழக்கம். பளபளக்கும் சிவப்பு, கறுப்புப் பொட்டு. ஆனால், உள்ளே இருப்பது அப்ரின் என்ற கொடிய விஷம்! துளை போட்ட விதையையோ, மென்ற விதையையோ விழுங்கினால் விஷம் உடம்பில் இறங்கும். குன்றிமணி நிறத்தில் கண்ணாடி மணி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கடைக்குப் போகுமுன், என்ன நகை, எத்தனை ஜோடி, எவ்வளவு சாமான் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை குறைவாக வாங்குங்கள். செய்ததை விற்ற பிறகு அடுத்த பாக்கெட்டுக்குப் போகலாம். கடையில் மனதை மயக்கும் கல் ஆயிரம் இருக்கும். விலைபோகும் கல் எது என்பதை, உங்களிடம் நகை வாங்குகிறவர்கள்தான் சொல்லுவார்கள்!