மூச்சைக் காக்கும் வேலை: நம் பிள்ளைகளும் படிக்கலாம்!

இழுப்பு என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுக்கும் சத்தம் லயத்தில் நான்கு வீடு தள்ளியும் கேட்கும். "வண்டிய எடுடா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்று யாராவது ஓடி வருவார்கள். செம்மண் சாலையைத் தாண்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

அங்கே என்ன நடக்கிறது? வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பாட்டியை நிமிர்த்தி உட்கார வைக்கிறார். விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டுகிறார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகக் கவசத்தைப் பொருத்துகிறார். அதற்குள் மருந்து பனிபோல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் பாட்டி, "இப்ப பரவாயில்லைப்பா" என்கிறார். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

பாட்டிக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்த அந்த மனிதர் பல நேரங்களில் டாக்டர் அல்ல. அப்படியானால் அவர் யார்? என்ன படித்தார்? நம் வீட்டுப் பிள்ளை அதைப் படிக்க முடியுமா? இந்த வாரம் இதைத்தான் எழுத நினைத்தோம்.

எழுதத் தூண்டியவர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாம் சந்தித்த ஒரு தகப்பனார். மகன் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல், கணிதம் உட்பட நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறான். ஆனால் தேர்வு முடிவு வந்ததிலிருந்து குத்தகைக்காரரிடம் குலை வெட்டப் போய்க்கொண்டிருக்கிறான். "ஏன் ஐயா?" என்று கேட்டோம். "டாக்டருக்குப் படிக்க வைக்க நமக்கு வக்கு ஏதுங்க? அதான் வேலைக்கு அனுப்பிட்டேன்" என்றார். பையனைக் கேட்டோம். "மருத்துவ வேலைன்னா எனக்கு ஆசைதான் சார். அந்தக் கல்லூரி மனுவை நான் பார்த்தப்ப தேதி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிடுச்சு" என்றான்.

இரண்டு வாரம்! அதற்குள் ஒரு பிள்ளையின் ஓராண்டு போய்விட்டது. டாக்டர் வேலைக்கும் குலை வெட்டும் வேலைக்கும் நடுவில் இருபது படிகள் இருக்கின்றன என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை.

உருளை தள்ளியவர்கள் உயர்ந்த கதை

மேல் நாடுகளில் மூச்சுச் சிகிச்சைக்கென்றே தனித் தொழில் இருக்கிறது. 'ரெஸ்பிரட்டரி தெரபிஸ்ட்' என்பார்கள். நாம் மூச்சுச் சிகிச்சையாளர் என்று சொல்லலாம். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் தொடக்கம் என்ன தெரியுமா? ஆக்ஸிஜன் உருளையை வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகும் கூலி வேலை! அந்த உருளை தள்ளியவர்களும் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த மருத்துவர்களும் சேர்ந்து 1947-இல் சிகாகோவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். வகுப்பு நடத்தினார்கள், தேர்வு வைத்தார்கள். இன்று அங்கே குறைந்தது இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பும் தேசியத் தேர்வும் இல்லாமல் யாரும் மூச்சுச் சிகிச்சையாளர் ஆக முடியாது. உருளை தள்ளிய கைகள் படிப்பால் உயர்ந்தன.

1952-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நெஞ்சுத் தசைகள் செயலிழந்து, பிள்ளைகள் மூச்சுவிட முடியாமல் மாண்டார்கள். மூச்சு இயந்திரங்களோ மிகச் சில. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பச் சொன்னார். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் படுக்கை அருகில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். முன்பு பிழைக்க வழியில்லாத பலர் பிழைத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி.

பிலிப்பீன்ஸ் நாட்டில் இத்தொழிலுக்கென்றே 2010-இல் சட்டம் வந்தது. சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனைகளிலும் இதே பெயரில் பணியாளர்கள் இருக்கிறார்கள். நம் மலேசியாவிலோ இந்த வேலையைப் பல துறையினர் பங்கு போட்டுச் செய்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு அல்ல, மூன்று கதவுகள் இருக்கின்றன.

மூன்று கதவுகள்

முதல் கதவு: உதவி மருத்துவ அதிகாரி. இவர் நமக்குப் புதியவர் அல்லர். 'டிரசர் ஐயா' என்று நம் தாத்தாமார் மரியாதையோடு அழைத்தார்களே, அந்த வழியில் வந்தவர்தான். தோட்டத்து டிரசர்களைப் பதிவு செய்ய 1965-இலேயே தனிச் சட்டம் வந்தது. அரசாங்கத்தில் வேலை செய்யும் உதவி மருத்துவ அதிகாரிகளுக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவசரப் பிரிவில் இழுப்பு நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இவரே. மூச்சை எண்ணுவது, மருந்துப் பனி கொடுப்பது, ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனோடு கூடவே போவது எல்லாம் இவர் வேலை. மூன்றாண்டு டிப்ளோமா படிப்பு. முன்பு ஆண்களே போனார்கள். இன்று பெண்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் கதவு: தாதி. 'மிசி' என்று நாம் அழைப்பவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு இயந்திரத்தில் கிடக்கும் நோயாளியின் அருகில் எட்டு மணி நேரம் நிற்பவர் இவரே. குழாயில் சளி அடைக்காமல் உறிஞ்சி எடுப்பதும், இயந்திரம் மணி அடித்தால் காரணம் கண்டுபிடிப்பதும் இவர் கையில் இருக்கின்றன. இதுவும் மூன்றாண்டு டிப்ளோமா.

மூன்றாம் கதவு: பிசியோதெரபி. 'அது கை கால் பிடித்துவிடுற வேலைதானே' என்று நினைக்க வேண்டாம். நெஞ்சில் கட்டிய சளியை வெளியே கொண்டுவரவும், நோயில் கிடந்து எழுந்தவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கவும் இவர் வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் பட்டியலிட்ட 23 தொழில்களில் இதுவும் ஒன்று.

சுற்றறிக்கைக்குக் காத்திராதீர்கள்

சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இந்தப் படிப்புகள் நடக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் உண்டு. பொதுவாக எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடங்களில் கிரெடிட் கேட்பார்கள். பஹாசா மலேசியா, கணிதம், ஏதாவதொரு அறிவியல் பாடம் அவற்றில் இருக்க வேண்டும். படிப்புக்குப் படிப்பு, ஆண்டுக்கு ஆண்டு நிபந்தனை மாறும். ஆகவே அந்த ஆண்டின் விளம்பரத்தை வரி விடாமல் படியுங்கள்.

பஹாசா மலேசியாவில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். "சரித்திரந்தானே" என்று அலட்சியம் செய்த பிள்ளைகள் மற்ற பாடங்களில் எடுத்த நல்ல புள்ளிகளோடு வாசலில் நின்றுவிடுகிறார்கள். நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது "சயன்ஸ் கஷ்டம்" என்று கூட்டாளி சொன்னான் என்பதற்காக அறிவியலைக் கைவிடாதீர்கள். இந்தக் கதவுகள் அங்கேயே மூடத் தொடங்குகின்றன.

அரசாங்கப் பயிற்சிக்குக் குடியுரிமை வேண்டும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலோ அடையாளக் கார்டிலோ சிக்கல் இருந்தால், சிவப்புக் கார்டாக இருந்தால், ஐந்தாம் படிவம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு வயதிலேயே பதிவு இலாகா வாசலுக்குப் போங்கள். இந்த வேலை ஒரு நாளில் முடியாது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பணத்துக்கு என்ன செய்வது? பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு எம்.ஐ.இ.டி. கடன் தருகிறது. உங்கள் தொழிற்சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கேளுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை எம்.கியூ.ஏ. என்ற தகுதி நிறுவனமும், அந்தத் தொழிலைப் பதிவு செய்யும் வாரியமும் ஏற்றிருக்கின்றனவா என்று விசாரியுங்கள். வாரியம் ஏற்காத சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், வேலைக்குப் போக முடியாது.

படித்து முடித்தாலும் படிப்பு முடியாது

இந்தத் தொழிலில் வேலை கிடைத்ததும் புத்தகத்தைக் கட்டி வைக்க முடியாது. ஏன் என்று சொல்கிறோம்.

1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். நல்லதுதானே என்று நினைத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கண் பார்வை இழந்தன. அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனே காரணம் என்பது 1950-களில்தான் உறுதியானது. ஆக்ஸிஜனும் ஒரு மருந்துதான், அதற்கும் அளவு உண்டு என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

இன்னொன்று நம் தோட்டத்துக்கே நெருக்கமானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த தலைமுறை நம்முடையது. அந்த நஞ்சு உடம்புக்குள் போனால் நுரையீரலில் போய்ச் சேர்ந்து அதை அழிக்கும். அப்போது ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் கேடு கூடும். மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்ஸிஜன் கொடுக்கத் தயங்க வேண்டிய நஞ்சும் உண்டு என்பதைப் படித்தவரால்தான் அறிய முடியும். தெனாகனித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் போன்றோர் தெளிப்பு வேலை செய்த பெண்களுக்காகப் பல்லாண்டு குரல் கொடுத்தார்கள். 2020 ஜனவரி முதல் நாட்டில் பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

இழுப்பு மருந்திலும் மாற்றம் வந்திருக்கிறது. நீல நிறப் பஃபை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது மூச்சுக் குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்காது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் அதை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது, வீக்கம் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-இல் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர் மறுபடியும் படிக்காவிட்டால் பழையதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இதனால்தான் தாதியர் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டியிருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளில் மேல் டிப்ளோமா படிக்கலாம். அதற்கும் மேலே பட்டப் படிப்பு இருக்கிறது. டிப்ளோமாவோடு நுழைந்தவர் ஐம்பது வயதில் மற்றவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகவும் ஆகலாம்.

லயத்துக்கு என்ன லாபம்?

வீட்டில் ஒருவர் இதைப் படித்தால் லயமே பயன் அடையும். பஃபைக் குலுக்காமல் வாயில் வைத்து இரண்டு தரம் அடித்துவிட்டு, "இது வேலை செய்யல" என்று தூக்கிப் போடுகிற அண்ணன்மாரை நாம் பார்த்திருக்கிறோம். படித்த பிள்ளை என்ன சொல்லும்? "பெரியப்பா, முதல்ல குலுக்குங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க. அமுக்கும்போதே மெதுவா உள்ள இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் அடக்குங்க" என்று சொல்லும். மருந்து அதே மருந்துதான், ஆனால் இப்போது அது நெஞ்சுக்குள் போகிறது!

ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை காய்ச்சலோடு நிமிடத்துக்கு 40 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு, காத்திருக்கக் கூடாது என்று கைக்கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடும். ரப்பர் ஸ்டோரில் அமோனியா நெடியிலும் ஆசிட் நெடியிலும் நிற்கிறவருக்கு இருமல் நிற்காவிட்டால், "இது சாதாரண சளி இல்லை, செக் பண்ணுங்க" என்று தள்ளிக்கொண்டு போகும். 2005-இல் கோலசிலாங்கூரிலும் 2013-இல் மூவாரிலும் புகைமூட்டத்துக்காக அவசர நிலை அறிவித்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் யாரை வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று சொல்லவும் ஆள் வேண்டுமல்லவா?

பெற்றோரே, பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ள, இராத்திரி டியூட்டி எல்லாம் வேண்டாம்" என்று தடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் பூச்சியும் உள்ள காட்டில் பால் வெட்டப் போனவர் அந்தப் பிள்ளையின் பாட்டிதானே? இருட்டுக்குப் பயப்படாத குடும்பம் நம் குடும்பம். வெளிச்சமுள்ள வார்டுக்குப் போக மகளை ஏன் தடுக்க வேண்டும்?

அந்தக் குலை வெட்டும் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விடைபெறும்போது தகப்பனார் வாசல்வரை வந்தார். "அடுத்த வருசம் மனு வந்தா நானே கூட்டிட்டுப் போறேங்க" என்றார். பையன் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினான். பிறப்புப் பத்திரத்தின் நகலைக் காணோம். அதை இப்போதே எடுத்து வைக்கச் சொன்னோம்.

உங்கள் வீட்டிலும் ஐந்தாம் படிவத்தில் ஒரு பிள்ளை இருந்தால், இன்று இரவே ஒரு உறையை எடுத்துப் பத்திரங்களை அடுக்குங்கள். நாளை பள்ளி வழிகாட்டி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மனு எந்த மாதம் வரும், எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். இரண்டு வாரத் தாமதத்தில் இன்னொரு பிள்ளையின் ஓராண்டு போகக் கூடாது!